சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது தொடர்பாக

ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரின் பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற ஜூலை 10 அன்று நம் மாணவர்களை வேலூர் மக்கான் சந்திப்பிலுள்ள சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கும், அங்கிருந்து கோட்டைக்கும் ஆசிரியர்கள் அழைத்துச் செல்லவிருப்பதால், தங்கள் சம்மதம் கோரி இக்கடிதத்தை எழுதுகிறேன். ஆண்டுதோறும் அன்று காலை தூணுக்கு மலர்வளையம் வைத்து மரியாதை செலுத்தப்படும். அந்தக் கூட்டம் கலைந்த பிறகே மாணவர்கள் அங்கே செல்வார்கள்.

பேருந்திலும் ஆட்டோவிலும் அந்தத் தூணைத் தாண்டி வரும் பிள்ளைகளில் பலர், அது 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு எழுப்பப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே, 1806 ஜூலை 10 விடியுமுன், வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயர் மீதே துப்பாக்கியைத் திருப்பிவிட்டார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோலால் செய்த சின்னம் பொருத்திய புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்று மதராஸ் ராணுவத்தில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளும், மறுத்தவர்களுக்குக் கிடைத்த சாட்டையடியும்தான் உடனடிக் காரணம். திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில் காவலில் இருந்தார்கள் என்பதையும், கொத்தளத்தில் ஏறியது மைசூர்க் கொடி என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றே கோட்டையை மீட்டது. அதற்குமுன், மருத்துவமனையில் படுத்திருந்த ஆங்கிலேய நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். மீட்ட பின், பிடிபட்ட சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். வீரத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டையும் கேட்டுத் தாங்களே எடைபோடக் கூடியவர்கள் என்பது என் எண்ணம். புதிய தலைப்பாகை உத்தரவு கைவிடப்பட்டதையும், ஆளுநர் பென்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டதையும் ஆசிரியர்கள் கோட்டைக்குள் விளக்குவார்கள்.

மக்கான் சந்திப்பில் போக்குவரத்து நெரிசல் அதிகம் என்பதால், மாணவர்கள் வரிசையாகவே சாலையைக் கடப்பார்கள். படம் எடுப்பதற்காக யாரும் சாலையில் இறங்கி நிற்கக் கூடாது என்று வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கைப்பேசி தேவையில்லை. தண்ணீர் பாட்டில், தொப்பி, குறிப்பேடு, பென்சில் ஆகியவை போதும். உடல்நலக் குறைவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன். இணைப்பிலுள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிட்டு ஜூலை 7க்குள் கொடுத்தனுப்பவும்.

தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்