தோழியரோடு வெளியே செல்வது குடும்பத்தைக் கைவிடுவது அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில், வயதான பெண்கள் கூட்டாகச் சேர்ந்து வேன் பிடித்து ஊர் சுற்றுவது பெருகிவிட்டது என்றும், பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வயதில் இது குடும்பத்தைக் கைவிடுவதாகும் என்றும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் மனத்தில் வைத்திருக்கும் குடும்பம் கொங்குப் பகுதியில் இன்று எத்தனை வீடுகளில் மிஞ்சியிருக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு குழந்தை, மிஞ்சினால் இரண்டு என்ற முடிவை ஈரோடு, கோவை, நாமக்கல் பகுதிகள் மற்ற இடங்களுக்கு முன்னதாகவே எடுத்தன. அந்த ஒற்றைப் பிள்ளையை நன்றாகப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே மஞ்சளும் கரும்பும் விளைவித்தோம், கறவை மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றினோம். படித்த பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் கடல் கடந்த ஊர்களிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். அதில் யார்மீதும் குற்றமில்லை. நாம் விரும்பியதும் அதுதான். ஆனால் அதன் விளைவாகத் சாளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், பிறகு அவர்களில் ஒருவர் காலமாக மற்றவர் தனியே மிஞ்சினார். பேரனைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லும் பாட்டியை நான் இதுவரை கண்டதில்லை. பேரன் டொராண்டோவிலோ டல்லாஸிலோ இருக்கிறான் என்பதுதான் நிலைமை. மகன் பார்வையாளர் விசா எடுத்து அழைத்துக்கொண்டு போனாலும் பெரும்பாலும் ஆறு மாதத்தில் திரும்பி வந்தாக வேண்டும்.

என் நிலையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் கணவர் மறைந்த பிறகு மகன் என்னைக் கோவையில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துச் சென்றான். மகனும் மருமகளும் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. இருவரும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகே திரும்புவார்கள். இடைப்பட்ட பொழுதில் எதிர்வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததே அரிது. ஆசிரியப் பணியில் நாளெல்லாம் பிள்ளைகளின் குரலுக்கு நடுவே வாழ்ந்த எனக்கு அந்த அமைதி உடம்புக்கே ஒத்துவரவில்லை. ஊருக்கே திரும்புகிறேன் என்று சொன்னபோது மகன் வருந்தினான், பிறகு புரிந்துகொண்டான்.

ஊருக்குத் திரும்பிய என்னை மீட்டெடுத்தவர்கள் எங்கள் வீதிப் பெண்கள்தாம். ஒருவருடைய ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். இன்னொருவருடைய மகன் திருமணமான கையோடு திருப்பூரில் தனிக்குடித்தனம் போனான்; அதை அவர் தமக்கு நேர்ந்த அவமானமாகவே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். மற்றொருவர் படுக்கையில் கிடந்த மாமியாரைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டு, அவர் காலமான பிறகு விடிந்தால் என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்துப் போனவர். நாங்கள் சேர்ந்து முதலில் போனது வெகுதூரம் அன்று, கொடிவேரி அணைக்கட்டுக்குத்தான். மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்று 2021 மே மாதம் அரசு அறிவித்திருக்காவிட்டால் அந்தப் பயணத்தைத் தொடங்கியிருப்போமா என்பதே ஐயம். பணம் இல்லாமல் அல்ல. மகனிடமோ கணவரிடமோ காரணம் சொல்லி வாங்க வேண்டிய பணம் என்பதால்தான். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனதும் கால்கள் தாமாகவே வாசலைத் தாண்டின.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரியும் அந்த இடத்தில், பவானி ஆறு தடுப்பின்மேல் வழிந்து விழும் நீரில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் பகிர்ந்து உண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பினோம். பிறகு திருமூர்த்திமலை, அமராவதி அணை, பவானி கூடுதுறை, வால்பாறை என்று சற்றே தூரம் கூடியது. இவற்றில் எதுவும் ஆடம்பரப் பயணம் அன்று. ஆனால் போகிற வழியில் பேருந்தில் பேசும் பேச்சு இருக்கிறதே, அதற்கு ஈடு வேறில்லை. தனிக்குடித்தனம் போன மகனைப் பற்றி அந்த அம்மா முதன்முதலாக வாய்விட்டு அழுதது வால்பாறை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோதான்.

அதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லி அழுதிருக்கக் கூடாதா என்று அன்பர் கேட்கலாம். கூடாது என்பதே என் பதில். கொங்கு நாட்டில் நம் சொந்தம் நெருக்கமானது. பங்காளி, மாமன், மச்சான், சம்பந்தி என்று எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருவர் இருப்பார். சீருக்கும் எழவுக்கும் ஓடிவந்து நிற்பதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் மருமகளைப் பற்றிச் சொந்தத்தில் ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த முகூர்த்தத்திற்குள் அது சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சொன்னவர் பின்னர் சமாதானமாகிவிட்டாலும் சொல் சமாதானம் ஆகாது. உறவுமுறைக் கணக்கில் வராத தோழியிடம்தான் மனக்குறையைச் சொல்லிவிட்டு அதை அங்கேயே விட்டு வர முடியும்.

இந்தத் தோழமையும் நமக்குப் புதிது அன்று. தைப் பொங்கலை ஒட்டி எங்கள் பகுதியில் நடந்த பூப்பறிக்கும் நோம்பியை என் வயதுப் பெண்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் முறுக்கும் கச்சாயமும் கரும்பும் கட்டிக்கொண்டு ஊர்ப் பெண் பிள்ளைகள் எல்லாம் ஆற்றோரத்துக்கோ கரட்டுக்கோ போவோம். ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துப் பாடி, தின்று தீர்த்து, இருட்டுமுன் வீடு திரும்புவோம். ஆடி நோம்பியில் புளியமரக் கிளையில் தூரி கட்டி ஆடுவோம். பெற்றோரே பலகாரம் சுட்டுக் கொடுத்துப் பெண்களைத் தோழியரோடு வெளியே அனுப்பிய வழக்கம் அது. திருமணத்தோடு அது நின்றுபோகும். கணவன் ஊரில் நாத்தனாரும் ஓரகத்தியும் கிடைப்பார்கள், கூடப் படித்த தோழி கிடைக்க மாட்டாள். அவளும் வேறோர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டிருப்பாள். குடும்பம் மாறும்போது அதற்கு இசைந்து போவது எப்படி என்று இன்றைய இளையோருக்கு அறிவுரை கூறுவோர், பெண்கள் இருபது வயதிலேயே அப்படி ஒரு மாற்றத்தைக் கடந்தார்கள் என்பதையும், அதற்கு விலையாகக் கொடுத்தது தங்கள் தோழமையை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அறுபதில் அதை நாங்கள் மீண்டும் தேடிக்கொள்கிறோம். 2024-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் அவர்கள் ஆண்களே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்பித்ததைப் போற்றும் இதே கொங்கு நாட்டில், பெண்கள் ஒன்றுகூடி ஓர் ஆற்றங்கரைக்குப் போவது மட்டும் ஏன் உறுத்த வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

கணவனை இழந்தவர்களுக்கு இந்த உறுத்தல் இன்னும் கூடுதலாக வந்து சேர்கிறது. "அவர் போய் வருசம் திரும்பலை, அதுக்குள்ள அம்மிணி எங்கீங்க பொறப்பட்டாச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. மனைவியை இழந்த ஆண் மறு வாரமே டீக்கடைப் பெஞ்சிலும் சந்தையிலும் நண்பர்களோடு உட்கார்ந்தால் துக்கத்தை மறக்கப் பார்க்கிறார் என்று பரிவோடு சொல்லும் அதே வாய்தான் இப்படிக் கேட்கிறது. பழனிக்குப் பாதயாத்திரை, சபரிமலை என்று ஆண்டுதோறும் கூட்டாகப் போய்வர ஆண்களுக்கு வழியிருக்கிறது. அதில் கிடைக்கும் ஆறுதலை ஒருவரும் குறை சொல்வதில்லை. பெண்ணுக்கும் அந்த ஆறுதல் தேவை என்பதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

பிள்ளைகள் சொல்லும் மறுப்பு வேறு வகையானது, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகேயும், 2025-இல் சிவகிரி அருகேயும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொலை செய்யப்பட்டதை எவரும் மறக்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு எங்கும் போகாதீர்கள், இரவில் வெளியே வராதீர்கள் என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மகள் கெஞ்சுவது அச்சத்தால்தான். ஆனால் சிந்தித்துப் பார்த்தால், ஆபத்து மிகுதியாக இருப்பது ஒரு நாள் வெளியே போவதில் அல்ல, அக்கம்பக்கம் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டில் நாள்தோறும் தனித்திருப்பதில்தான். எங்கள் கூட்டத்தில் காலையிலும் இரவிலும் ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் பயணங்களால் வந்தது. ஒருவர் எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் நேரில் போய்ப் பார்க்கிறார். மாடு கறக்க ஆள் இல்லை, அதனால் எங்கும் வர முடியாது என்று சொன்னவருக்கு, அடுத்த தோட்டத்துப் பெண் அன்றைய இரு வேளையும் கறந்து பால் ஊற்றிவிடுகிறார். அவர் போகும் நாளில் இவர் அதைச் செய்கிறார். ஆளுக்கு ஒரு தோட்டமாகப் பிரிந்து கிடந்தவர்களுக்கு இப்படி ஒரு பிணைப்பு வேறு எந்த வழியில் வந்திருக்கும்?

மருமகள்களுக்கும் இதில் நன்மை இருக்கிறது என்பதை அன்பருக்குச் சொல்ல விரும்புகிறேன். பேச வேறு ஆள் இல்லாத மாமியார், மகன் அழைக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காக நாள் முழுதும் காத்திருப்பார். அழைப்பு ஒரு நாள் தவறினால் அதற்கு மருமகளைக் காரணமாக்குவார். பேசுவதற்கு வேறு செய்திகளும் வேறு மனிதர்களும் கிடைத்துவிட்டால் அந்தக் காத்திருப்பின் கடுமை தணிகிறது. திருப்பூரில் தனிக்குடித்தனம் போன மகனை அவமானமாக நினைத்த அந்த அம்மா, இப்போது அமராவதி அணையில் எடுத்த முதலைப் படத்தைப் பேத்திக்கு அனுப்பிவிட்டு, மருமகளிடமே அரை மணி நேரம் பேசுகிறார். சென்ற தீபாவளிக்கு மருமகள் தானாகவே இரண்டு நாள் முன்னதாக ஊருக்கு வந்துவிட்டாள். இதற்கு முன்பு எந்தப் பஞ்சாயத்தாலும் ஆகாத காரியம் இது.

ஆகவே பிள்ளைகளிடம் நான் வேண்டுவது தடுக்காதீர்கள் என்பதோடு நிற்கவில்லை. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வண்டியில் செல்ல இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அதை எடுப்பதற்குள் எங்களில் பலர் திணறிப்போகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை ரயிலுக்கு முன்பதிவு வெகுவிரைவில் முடிந்துவிடுகிறது. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்த ரயில் நம் வாசலிலிருந்தே புறப்படுகிறது, ஆனால் கல்லாறு தாண்டித் தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு அது மலையேறுவதை ஒரு முறையும் காணாத முதியவர்கள் மேட்டுப்பாளையத்தைச் சுற்றியே எத்தனையோ பேர். எங்கிருந்தாலும் கைப்பேசியில் இவற்றைச் செய்து தர உங்களால் முடியும். மாதாமாதம் அனுப்பும் பணத்தைவிட இதை உங்கள் தாய் பெரிதாக நினைப்பார்.

அரசுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. இந்து சமய அறநிலையத் துறை 2024 முதல் அறுபது முதல் எழுபது வயது வரையுள்ள முதியோரை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமின்றி அழைத்துச் செல்வதை மனமார வரவேற்கிறேன். முதியோர் என்றால் கோயிலுக்கு மட்டுமே போவார்கள் என்று எண்ணிவிடாமல், கோபி, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி போன்ற ஊர்களிலிருந்து கூட்டம் குறைந்த வார நாள்களில் அணைகளுக்கும் மலையடிவாரங்களுக்கும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் பேருந்துகளை இயக்கலாம். குளிக்கும் இடங்கள் எதுவாயினும் பெண்கள் உடை மாற்றத் தாழ்ப்பாளோடு கூடிய அறையும், முழங்கால் வலியுள்ளவர்கள் பயன்படுத்தக்கூடிய உயரமான கழிப்பறையும், படிகளில் கைப்பிடியும் இருக்க வேண்டும். இவை இல்லாததாலேயே குளிக்க வந்தும் கரையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் பெண்களை நான் பார்க்கிறேன். ரயிலில் 58 வயது நிறைந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் 60 வயது நிறைந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதம் பெருந்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. தொற்று விலகி ரயில்கள் நிறைந்து ஓடத் தொடங்கிய பிறகும் நிறுத்தியதைத் திருப்பித் தர மறுப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மகன் வீட்டுக்குப் போய்வரும் தாய்க்கும், தோழியரோடு கன்னியாகுமரியைக் காணப் புறப்படும் பெண்ணுக்கும் அந்தச் சலுகை ஒன்றுபோலவே உதவியது. அதை மீண்டும் பெறுவதற்குக் கொங்கு மண்டலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவையில் தொடர்ந்து குரல் எழுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.