கண்ணு, அந்த மெஷின்ல திரும்ப ஏறுறதுக்கு முன்னாடி இத படி

கண்ணு,

நேத்து ராத்திரி நீ அனுப்புன போட்டோவ பாத்தேன், எடை மெஷின் மேல உன் ரெண்டு காலு, நடுவுல 66ன்னு நம்பரு, கீழ அழுற எமோஜி. மூணு வாரமா ராத்திரி சாப்பாட்டயே விட்டுட்டு கிடந்தும் ரெண்டு கிலோ தான் குறைஞ்சுதுன்னு எழுதியிருந்த. போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சிடுவ, அதான் உக்காந்து எழுதுறேன்.

மூணு வாரத்துல ரெண்டு கிலோங்கறது நல்ல வேகம் தாண்டி, வாரத்துக்கு அரை கிலோ ஒரு கிலோவுக்குள்ள குறையறது தான் உடம்புக்கு தாங்கும். என் பயம் வேற, அந்த ரெண்டு கிலோல போனது என்னன்னு தான். மெஷின் காட்டுறது எலும்பு தசை தண்ணி கொழுப்பு எல்லாம் சேந்த மொத்த கணக்கு, திடீர்னு சாப்பாட்ட குறைச்சா மொதல்ல போறதுல நெறைய வெறும் தண்ணி. ஒருத்தி 70 கிலோ, அதுல கொழுப்பு 30 சதவீதம்னு வச்சிக்கோ, அப்போ 21 கிலோ கொழுப்பு. அவ 64க்கு வர்றா. போன 6 கிலோவும் கொழுப்புன்னா சதவீதம் 23 சொச்சத்துக்கு இறங்கிடும், பாதி தசை போயிருந்தா 28லயே நிக்கும். மெஷின்ல ரெண்டுக்கும் அதே 64 தான்.

நான் இத பட்டு தெரிஞ்சிக்கிட்டேன். உனக்கு மூணு வயசு இருக்கும்போது பட்டினி கிடந்து 9 கிலோ குறைச்சேன், எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. ஒரு நாள் வாளி தண்ணிய தூக்கிட்டு மாடி ஏறுறேன், பாதி படில கை நடுங்குது, வாளிய வச்சிட்டு செவுத்த புடிச்சிட்டு நின்னேன். தலை வாரினா சீப்பு பூரா முடி. அப்புறம் ஒழுங்கா சாப்ட ஆரம்பிச்சதும் எடை மட்டும் திரும்பி வந்துச்சு, தெம்பு வரவே இல்ல.

பொம்பளைங்க உடம்புக்கு கொழுப்பு வேணும் கண்ணு. உயிரோட இயங்கறதுக்கே ஆம்பளைங்களுக்கு 3ல இருந்து 5 சதவீதம், நமக்கு 10ல இருந்து 13 தேவை. பொதுவா நமக்கு 21ல இருந்து 31 வரைக்கும் இருந்தா சரி, ஆம்பளைங்களுக்கு 14ல இருந்து 24. கூட வேலை பாக்கற பையன் 15 வச்சிருக்கான்னு நீயும் 15க்கு ஆசப்படாத. தேவைக்கு ரொம்ப கம்மியா சாப்ட்டுட்டே இருந்தா பீரியட்ஸ் நின்னுடும், எலும்பு பலம் போயிடும். போன மாசம் தள்ளி போச்சுன்னு பேச்சோட பேச்சா சொன்னியே, அத இந்த வாரமே டாக்டர் கிட்ட காட்டு, ப்ளீஸ்.

அந்த ஸ்மார்ட் மெஷின் சொல்ற சதவீதத்தயும் அப்படியே நம்பாத, அது கால் வழியா லேசா கரண்ட் விட்டு பாக்குது, தண்ணி இருக்கற தசைல ஈசியா ஓடும் கொழுப்புல தடைபடும், அத வச்சு ஒரு கணக்கு போட்டு சொல்லுது. தண்ணி குடிச்சா மாறும், வேர்த்தா மாறும். எனக்கு ஒரே நாள்ல காலைல 34, சாயங்காலம் 32. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, காலைல எழுந்ததும் வெறும் வயித்துல பாரு, ஏறுதா இறங்குதான்னு மட்டும் கவனி.

அதவிட டேப் நல்லது. குடல சுத்தி உள்ள சேர்ற கொழுப்பு தான் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் ஆபத்து, தொடைல இருக்கறது அவ்ளோ மோசம் இல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்ப சுத்தி, மூச்ச விட்டுட்டு, வயித்த எக்காம அள. உன் உயரம் 160 சென்டிமீட்டர், இடுப்பு அதுல பாதி, 80க்குள்ள இருந்தா போதும்.

ராத்திரி சாப்பாட்ட இன்னிக்கே ஆரம்பி. அளவ கொஞ்சம் குறைச்சிக்கோ, ஆனா புரோட்டீன குறைக்காத, உன் எடைக்கு ஒரு நாளைக்கு 80 கிராமாவது போகணும், வாரத்துல ரெண்டு மூணு நாள் வெயிட் தூக்கு, அப்போ தான் தசை நிக்கும்.

ஞாயித்துக்கிழமை காலைல அளந்து நம்பர அனுப்பு, நானும் அளந்து அனுப்புறேன்.

அம்மா