முகத்தைக் கொஞ்ச நாள் சும்மா விடு

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

வாயைச் சுற்றியும் மூக்கோரத்திலும் சிவப்பும் பழுப்புமாகப் பொடிப்பொடியாய்ப் பொரிகள். உதட்டை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் தோல் தெளிவாக இருக்கிறது. பருவென்றால் கரும்புள்ளி, வெண்புள்ளி தெரியும். உனக்கு அது இல்லை. வாயைச் சுற்றி வரும் இந்தத் தோல் அழற்சியைப் பெரியோரல் டெர்மடைடிஸ் என்பார்கள். நம் கடைக்கு இப்படி முகத்தோடு வரும் பிள்ளைகள் நிறைய. ஆனாலும் நான் மருந்துக்கடைக்காரன்தான். டாக்டர் நேரில் பார்த்துச் சொல்வதுதான் முடிவு.

உன் அலமாரி போட்டோவைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. காலையில் வைட்டமின் சி, நியாசினமைடு. ராத்திரி ஆசிட் டோனர், அதன்மேல் ரெட்டினால், அதற்கும் மேல் கெட்டியான க்ரீம். தோலின் மேலடுக்கு காகிதத்தைவிட மெலிசு. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பது அதுதான். தினமும் ஆசிட் போட்டு உரித்தால் அது எப்போது தேறும்? எரிகிறது என்று நீ இன்னொன்றை வாங்கிப் பூச, அதுவும் சேர்ந்து எரிகிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பயம், ரூம்மேட் கொடுத்தாளே, அந்தச் சின்ன டியூப். அதன் அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைப் படி. மொமெட்டாசோன், பீட்டாமெத்தாசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசிய சில நாளிலேயே சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும். அந்தப் பளிச்சுக்காகவே நிறம் கூட்டும் க்ரீம் என்று அதைக் கேட்டு வருகிறார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, பொடி ரத்தக்குழாய்கள் தெரிந்து, முடி முளைத்து, வெயில் பட்டாலே எரியும். 2018-இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லியும், கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இப்போது செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் நிறுத்துவது. வெறும் தண்ணீரில் முகம் கழுவு, தேய்க்காமல் ஒற்றி எடு. ரொம்ப வறண்டால் வாசனை இல்லாத லேசான மாய்ஸ்சரைசர் ஒன்று போதும். வெயிலுக்குக் குடையும் துப்பட்டாவும். அம்மா கஸ்தூரி மஞ்சள் அனுப்புகிறேன் என்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எலுமிச்சை, தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம்.

அந்த டியூபில் ஸ்டீராய்டு இருந்தால், நிறுத்தியதும் முகம் முன்பைவிட மோசமாகும். ஒன்றிரண்டு வாரம் சிவந்து, வீங்கி, அரிக்கும். பலர் பயந்துபோய் மறுபடி பூசிவிடுவது இந்த இடத்தில்தான். நீ பூசாதே. எத்தனை மாதமாகப் பூசினாய் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல். ரொம்ப நாள் என்றால் வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக நிறுத்தச் சொல்லலாம். டியூபையும் கையோடு எடுத்துப் போ.

லேசாக இருந்தால் மெட்ரோனிடசோல் ஜெல் எழுதுவார்கள். அதிகமென்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை, சில வாரங்களுக்கு. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கு, விழுங்கியதும் படுத்துவிடாதே, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். வெயிலும் கூடுதலாகச் சுடும். பாதியில் நிறுத்தாதே.

தை மாசம் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குள் சரியாகுமா என்று கேட்டாய். ஆகலாம், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம். முழுசாக அடங்கச் சிலருக்கு மாதங்கள் ஆகும். எப்படி இருந்தாலும் நீ வா. யாராவது முகத்தைப் பற்றிப் பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த க்ரீம்களுக்கு முன்னாலும் உன் முகத்தில் ஒரு குறையும் இல்லை அம்மா, மாநிறமாய்க் களையாய் இருந்தாய்.

சனிக்கிழமை லீவுதானே, அன்றைக்கே தோல் டாக்டரிடம் போ. பீஸ் நான் ஜிபே பண்ணுகிறேன். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, மருந்து வாங்குவதற்கு முன்னால் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா