நேர்கூற்று, அயற்கூற்று: ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கில இலக்கணப் பயிற்சிகளை விடாமல் பார்த்துவருகிறேன். சென்ற முறை நேர்கூற்று வாக்கியங்களைக் கொடுத்து அயற்கூற்றாக மாற்றச் சொல்லியிருந்தீர்கள். விடைகளில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அத்தனையையும் சரியாகப் போட்டு முடித்த பிள்ளைக்கும், ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் போய் ஆங்கிலத்தில் சொல்ல வராது. என் குறை அதுதான்.

வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் ஆங்கிலம் நடத்த ஆரம்பித்தவள் நான். 1989-இல் மாவட்டம் பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. இந்த ஒரு சிக்கல் மட்டும் எல்லா மாவட்டத்துக்கும் பொதுச் சொத்தாக இருக்கிறது. இப்போது மாலையில் என்னிடம் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள். மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர்கள், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி ஆபீஸில் மெயில் அனுப்புகிறவர்கள். ‘அவர் இப்படிச் சொன்னார்’ என்று எடுத்துச் சொல்வதுதான் இவர்களுக்குப் பாதி வேலை.

வேலூருக்கு வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அப்படி வந்த ஒரு குடும்பத்திடம் வரவேற்பில் இருக்கும் பெண் ‘டாக்டர் டோல்ட் தட் ஐ வில் கம் அட் ஃபைவ்’ என்கிறாள் என்று வையுங்கள். அவள் மனதில் ஓடுவது ‘நான் அஞ்சு மணிக்கு வரேன்னு டாக்டர் சொன்னாரு’. கேட்கிறவர்களுக்கோ, ஐந்து மணிக்கு வரப்போவது இந்தப் பெண். நம் ‘என்று’ பெருந்தன்மையானது. அவர் பேசிய பேச்சை, அவருடைய ‘நான்’, அவருடைய ‘நாளைக்கு’ எல்லாவற்றோடும் அப்படியே தூக்கிவந்து வைத்துவிடலாம். ஆங்கிலத்துத் ‘தட்’ அப்படி விடாது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சொல்லையும் இப்போது பேசிக்கொண்டிருப்பவர் தன் இடத்திலிருந்து சொல்ல வேண்டும். டாக்டரின் ‘ஐ’ இங்கே ‘ஹீ’ ஆக வேண்டும், ‘வில்’ பெரும்பாலும் ‘வுட்’ ஆகும். அப்புறம் ‘டோல்ட்’ என்றால் யாரிடம் சொன்னார் என்பதும் உடனே வந்தாக வேண்டும். அது வேண்டாமென்றால் ‘செட்’ போதும். ஆக, ‘த டாக்டர் செட் ஹீ வுட் கம் அட் ஃபைவ்’. ‘தட்’ எங்கே என்று கேட்கிறார்கள். பேச்சில் ‘செட்’, ‘தாட்’, ‘நோ’ இவற்றுக்குப் பின்னால் அது பாதி நேரம் காணாமல் போய்விடும். பரீட்சைத் தாளில் போட்டுக்கொள்ளட்டும்.

‘ஹீ’ வந்தவுடன் வேறொரு வம்பு. ‘சூப்பர்வைசர் டோல்ட் த பையர் தட் ஹீ ஹேட் டு பே’ என்று மெயில் போனால், பணம் கட்ட வேண்டியவர் சூப்பர்வைசரா, வாங்குகிறவரா? நமக்குத் ‘தான்’ இருக்கிறது. ‘தான் கட்ட வேண்டும் என்று சொன்னார்’ என்றால் சொன்னவர் தலையில் விழுந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. பெயரைத் திரும்ப எழுதுவதுதான் வழி. ஒரே பெயரை இரண்டு முறை எழுதினால் அழகில்லை என்று இவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அழகு கிடக்கட்டும், பணம் யார் கட்டுவது என்பது தெரிய வேண்டாமா?

இறந்தகாலம்தான் இதில் ருசியான இடம். லாங்கு பஜாரில் எதிரே வந்தவரிடம் ‘நீங்க டீச்சர்னு எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் ‘ஐ டிட்ன்ட் நோ யூ ஆர் எ டீச்சர்’ என்பார்கள். ஆங்கிலக்காரர் சாதாரணமாக ‘யூ வேர் எ டீச்சர்’ என்றுதான் சொல்வார். ‘இப்பவும் டீச்சர்தானே மிஸ், எதுக்கு வேர்?’ என்று கேட்காத மாணவி இல்லை. நியாயமான கேள்வி. அந்த ‘வேர்’ டீச்சர் வேலை முடிந்துபோனதைச் சொல்லவில்லை. முன்னால் ‘டிட்ன்ட் நோ’ இறந்தகாலத்தில் நிற்கிறது, பின்னால் வருவது அதோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான். ‘ஐ தாட் யூ வேர் இன் சென்னை’ என்பதும் இதே வகை. தமிழில் இந்தப் பழக்கம் இல்லாததால், காதில் விழுந்து விழுந்துதான் பழக வேண்டும்.

‘செட்’ விஷயத்தில் கொஞ்சம் இளக்கம் உண்டு. ‘ஹீ செட் த லாட் இஸ் ரெடி’, ‘ஹீ செட் த லாட் வாஸ் ரெடி’ இரண்டும் நடக்கும். ‘இஸ்’ போட்டால் சரக்கு இப்போதும் தயாராக இருக்கிறது என்பதை நானும் ஏற்றுக்கொள்கிற தொனி வந்துவிடும். ‘வாஸ்’ போட்டால் அது அவர் சொன்னது, அதோடு சரி. ‘சரக்கு ரெடியாம்’ என்று நாம் ‘ஆம்’ போட்டு ஒதுங்கிக்கொள்வதில் கொஞ்சம் அந்த ‘வாஸ்’ஸில் இருக்கிறது. எப்போதும் சந்தேகத்தைக் காட்டுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்றுமதி ஆபீஸில் இருப்பவளுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

இதெல்லாம் தங்கள் பயிற்சியில் வர இடமே இல்லை. ‘டுமாரோ’ வந்தால் ‘த நெக்ஸ்ட் டே’, ‘ஹியர்’ வந்தால் ‘தேர்’ என்று அட்டவணை போட்டுவிடுகிறீர்கள். காலையில் சொன்னதை அன்று சாயந்திரமே சொன்னால் ‘டுமாரோ’ எதற்கு மாற வேண்டும்? காட்பாடி ஸ்டேஷனில் நின்று பேசியதை அதே ஸ்டேஷனில் நின்றே சொல்லும்போது ‘ஹியர்’ எங்கே போகும்? யார், எப்போது, எங்கே நின்று சொல்கிறார் என்பது இல்லாமல் வெறும் வாக்கியத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் அட்டவணையைத்தான் பார்ப்பார்கள்.

பொதுத்தேர்வில் அப்படித்தானே கேட்கிறார்கள் என்பீர்கள். சரி, அந்தப் பயிற்சியும் இருக்கட்டும். பக்கத்திலேயே ஒரு சின்ன உரையாடலைப் போடுங்கள்: அம்மா மகளிடம் சொன்னது, மகள் அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வாள், இரண்டு நாள் கழித்துத் தோழியிடம் எப்படிச் சொல்வாள் என்று கேளுங்கள். விடையிலும் ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கும் இடங்களில் இரண்டையும் அச்சிடுங்கள். பரீட்சைக்கு எது என்பதை மட்டும் அடியில் குறித்துவிடலாம். அடுத்த மாதப் பக்கத்திலேயே ஆரம்பித்தால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
காட்பாடி, வேலூர்.