சித்திரைப் பௌர்ணமிக்கு வருமுன்

மக்களே,

பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் சித்திரைப் பௌர்ணமிக்கு முட்டத்துக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். வா. கோட்டாறு சவேரியார் திருவிழா என்றால் தேர் பார்க்கலாம். ஆனால் டிசம்பர் 3 நம் மாவட்டத்துக்குத்தான் விடுமுறை, சென்னையில் பள்ளிக்கூடம் நடக்கும். ஆகையால் சித்திரையே தோது. கடலில் மட்டும் கவனம் வேண்டும்.

இது கள்ளக்கடல் வரும் காலம். இங்கே காற்று இராது, வானம் தெளிந்திருக்கும். தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் ஓடிவந்து நம் கரையில் ஏறும். அதனால் நம் வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாது. அலையின் இடைவெளியைக் கவனி: 15 நொடிக்கு மேல் விட்டுவிட்டு, கனத்து வந்தால் சந்தேகப்படு. ஆட்கள் ஏமாறுவது அந்த இடைவெளியில்தான். ஓய்ந்துவிட்டதென்று இறங்குவார்கள், அடுத்த அலை மணல்மேடு வரை ஏறி, திரும்பும்போது காலடி மணலையும் அரித்துக்கொண்டு இழுக்கும். பௌர்ணமி, அமாவாசைக்குக் கடல் ஏற்றமும் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மேலே வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்களே, அன்றும் எச்சரிக்கை இருந்தது.

கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஐதராபாத் இன்காய்ஸ் மையத்தின் எச்சரிக்கை செய்தியில் வரும். அன்று கடப்புறத்துக்கே போகவேண்டாம். மற்ற நாளிலும் பிள்ளைகள் காய்ந்த மணலில் நிற்கட்டும். ஈர மணல் என்றால் அதுவரை அலை வந்திருக்கிறது என்று கணக்கு. பாறையும் அப்படித்தான், நனைந்து கறுத்திருந்தால் ஏறாதே, பாசி வழுக்கும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கிய தூண்டில் வளைவின்மேல் நின்று போட்டோ எடுப்பது அறவே கூடாது. யாரையாவது கடல் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் நீந்தச் சொல்லு. நீ குதிக்காதே, கயிறோ மூடிய காலிக் கேனோ எறி.

கன்னியாகுமரியில் மேற்கே சூரியன் இறங்க, கிழக்கே நிலா ஏறுவதைப் பார்க்கப் பௌர்ணமியன்றே போகணும். மறுநாள் நிலா முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தும், காட்சி போச்சு. அடிவானத்தில் மேகம் கட்டினாலும் ஒன்றும் தெரியாது, பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவை. விவேகானந்தர் பாறைக்குக் காலையிலேயே படகேறு. கடல் சீறினாலும் நிறுத்துவார்கள், நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்துவார்கள். அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் போட்டிருக்கிறார்கள், நடந்தே போகலாம்.

மீனுக்குக் குறையில்லை. கன்னியாகுமரிக்குப் பக்கத்துச் சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கு; மீன்பிடித் தடையால் அங்கே விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கட்டிக் கிடக்கும். நம் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு கணக்கு. அதனால் கன்னியாகுமரி ஹோட்டலில் மீன் விலையைக் கேட்டுவிட்டு உட்காரு, அல்லது பசியோடு வீட்டுக்கு வந்துவிடு.

டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லு. நாகர்கோவிலா, இரணியலா, எங்கே இறங்குகிறாய் என்பதையும் சொல்லு. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) பிடுங்கி இரண்டு நாளில் கறுத்துவிடும்; நீ வரும் நாள் தெரிந்தால்தான் அம்மை கிழங்குக்காரரிடம் சொல்லிவைக்க முடியும்.

அன்புடன்,
அப்பா