அமெரிக்க ஏல விலையும் நம்மூர் கான்டெசாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்க 'மசில்' கார்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் விலை போவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தோம். அதைக் கைப்பேசியில் காட்டியே புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது பழைய கான்டெசாவுக்கும் அம்பாசடருக்கும் விலை பேசுகிறார்கள். "அங்கே இருபது கோடி, இங்கே பத்து லட்சத்துக்குக்கூடவா வழியில்லை?" என்று கேட்கிறார்கள். பழைய வண்டிகளில் டிங்கரிங்கும் இன்ஜின் வேலையும் பார்ப்பவர்கள் நாங்கள். அந்தக் கோடிகள் எதற்காகக் கொடுக்கப்படுகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறோம்.

2014 ஜூனில் சியாட்டில் நகரில் மீக்கம் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1971ஆம் ஆண்டு பிளிமத் ஹெமி குடா கன்வெர்ட்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 21 கோடி ரூபாய். அந்த ஆண்டில் ஹெமி என்ற பெரிய இன்ஜினோடு கூரை மடக்கும் குடா ஏறக்குறைய ஒரு டஜன்தான் செய்தார்கள். அப்போது கேட்பாரில்லை என்பதே காரணம். 426 கன அங்குல ஹெமி, அதாவது 7 லிட்டர் இன்ஜின், வேண்டுமென்றால் காரின் விலைக்கு மேல் ஏறக்குறைய 900 டாலர் கட்ட வேண்டும். வாங்குகிற இளைஞர்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தில் பிழிந்தன. புகைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, அந்த ஆண்டோடு அந்த இன்ஜினுக்கே மூடுவிழா.

2020 ஜனவரியில் ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் படத்தில் ஓட்டிய 1968 மஸ்டாங் 34 லட்சம் டாலருக்கு ஏலம் முடிந்தது. வாங்குபவர் தர வேண்டிய 10 சதவீதக் கமிஷனையும் சேர்த்தால் 37.4 லட்சம். செய்திகளில் சில சமயம் முதல் எண் வரும், சில சமயம் இரண்டாவது வரும். இந்த வித்தியாசத்தை நாளிதழ்கள் குறிப்பிட்டால் நல்லது. அந்தக் கார் பளபளவென்று இல்லை. பெயின்ட் மங்கி, அங்கங்கே துருவோடு, புதுப்பிக்காமல் அப்படியேதான் மேடைக்கு வந்தது. 1974இல் 6,000 டாலருக்கு வாங்கிய குடும்பத்திடமே இருந்ததும், அதைத் திரும்பக் கேட்டு மெக்வீன் எழுதிய கடிதம் பத்திரமாக இருந்ததும்தான் விலையை ஏற்றின.

சாதாரண மசில் காருக்கும் அசல்தானா என்பதே கணக்கு. பிளிமத்தைச் செய்த கிரைஸ்லர் கம்பெனியின் கார்களில் வண்டி எண்ணின் ஐந்தாவது எழுத்து இன்ஜினைச் சொல்லும். 1970, 1971 ஹெமிக்கு 'ஆர்'. செவர்லேயில் 1971 வரை அந்த வசதி கிடையாது. அதனால் சாதாரண வி8 இன்ஜின் 'செவெல்' காரை எஸ்.எஸ். என்ற விலை கூடிய மாடலாக மாற்றி விற்பது அங்கே பழைய தொழில். இன்ஜின் பிளாக்கின் முன்பக்கத் திட்டில் குத்திய எண், வண்டி எண்ணோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஃபேக்டரி மெஷினிங்கில் அந்தத் திட்டின் மேல் முன்னிருந்து பின்னாக மெல்லிய கோடுகள் ஓடும். பிளாக்கின் மேற்பரப்பைக் கடைந்தால் எண்ணும் போகும், கோடுகளும் போகும். எண்ணை மறுபடி குத்திவிடலாம், கோடுகளைக் கொண்டுவருவது கஷ்டம். எண் இருந்து கோடு இல்லையென்றால் விலை அங்கேயே விழுந்துவிடும். விலை எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் பொய். 2007 வரை எகிறிய மசில் கார் விலை 2008 நெருக்கடியில் சரிந்தது.

இனி நம்மூருக்கு வருவோம். இங்கே பெட்ரோல் அம்பாசடர்களில் பலவற்றில் டீசல் இன்ஜின் ஏற்றியாகிவிட்டது. 1800 சி.சி. இசுசு இன்ஜின் கான்டெசாவிலும் கைக்குக் கிடைத்த இன்ஜினை மாட்டியிருக்கிறார்கள். ஓட்டுவதற்கு அது தப்பில்லை. அதை 'விண்டேஜ்' என்று விற்பதுதான் தப்பு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவுக்குப் பிறகு 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றப்படாத வண்டிதான் விண்டேஜ். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கான்டெசா வெளிவந்ததே 1984இல். முதல் வண்டிக்கே 2034க்கு முன் அந்தத் தகுதி வராது.

அடுத்தது துரு. கடற்கரையோரம் நிற்கிற வண்டிக்கு இதுதான் எமன். அம்பாசடர், கான்டெசா இரண்டுக்கும் லாரி மாதிரித் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு அரித்தால் வண்டியின் முதுகெலும்பே அரித்த மாதிரி. சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ரன்னிங் போர்டு, மட்கார்டின் கீழ் விளிம்பு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், பேட்டரித் தட்டின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பள்ளத்தை நிரப்பும் பட்டிதான் இருக்கிறது. துருவின் மேல் போட்ட பட்டி ஈரத்தை உறிஞ்சும், உள்ளே துரு வளரும், ஒரு ஐப்பசி மழையிலேயே பெயின்ட் கொப்புளித்துவிடும். துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு வரும்வரை வெட்டி, 20 கேஜ் தகடு வைத்து சி.ஓ.2 வெல்டிங் செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங் சூட்டில் தகடு நெளியும், நெளிவை மறைக்க இன்னும் பட்டி அப்புவார்கள். ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி வெல்டு வைக்காவிட்டால் பாடி தொய்ந்துவிடும், அப்புறம் கதவு சேராது. எபாக்ஸி பிரைமர் அடித்த பிறகு பட்டி 2 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளைப் பெயின்டர் அடைத்துவிட்டாரா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அடைத்திருப்பார்.

2024 ஃபெஞ்சல் புயல் மழையில் முங்கிய வண்டிகளும் சந்தையில் இருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும், சீட் தண்டவாளத்தின் அடியில் துரு தெரியும்.

பெயின்ட் பளபளப்பில் மயங்காமல், சேஸிஸ் எண்ணின் மேல் வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். எழுத்துகளின் உயரமோ இடைவெளியோ ஒன்றுக்கொன்று மாறினாலும், சுற்றிலும் கிரைண்டர் தடம் இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணும் எரிபொருளும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பி.ஒய். என்று தொடங்கும் புதுச்சேரி எண் வண்டியைக் கடலூர்க்காரர் வாங்கினால், தூரம் இருபத்தைந்து கிலோமீட்டர்தான் என்றாலும் மாநிலம் வேறு. படிவம் 28இல் என்.ஓ.சி. எனும் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டுச் சாலை வரி இரண்டும் உண்டு. என்.ஓ.சி. கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக்குகள், டிங்கர்கள் சிலர்
முதலியார்பேட்டை, புதுச்சேரி