பாட்டில் ஊரின் பெயர் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் திரைப்படப் பாடல்களுக்குத் தாராளமாக இடம் தருகிறீர்கள். சொந்தமாகப் பாட்டெழுதி, தாங்களே பாடி, முதல் ஆல்பத்தை வெளியிடும் இளைஞர்களுக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த இளைஞர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அதைச் சொல்ல ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அமெரிக்க இசைத்தட்டைத் துணைக்கு அழைக்கிறேன்.

கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசை வகையில் பாடிய ஜான் பிரைன் என்பவரின் முதல் ஆல்பம் அது. அட்லாண்டிக் நிறுவனம் 1971இல் வெளியிட்டது. பாடகரின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கும் என் பேரன், "தாத்தா, இவரும் உங்களைப் போலத் தபால்காரர்தான்" என்று சொல்லிப் போட்டுக் காட்டினான். நான் குலசேகரம் வட்டாரத்தில் தபால் பட்டுவாடா செய்து ஓய்வுபெற்றவன். பிரைன், சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தபடியே மனத்துக்குள் பாட்டுக் கட்டியவர். ஆல்பத்தின் பதின்மூன்று பாடல்களையும் எழுதி முடித்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. சிகாகோவில் ஓர் இரவு அவர் பாடியதைக் கேட்ட பாடகர் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன்தான் அவரை வெளியுலகுக்கு அழைத்துச் சென்றார்.

அந்த வயதுப் பையன் முதியவர்களைப் பற்றி 'ஹலோ இன் தேர்' என்ற பாட்டை எழுதியது எப்படி என்று முதலில் வியந்தேன். சிறுவனாக இருந்தபோது அவர் ஒரு முதியோர் இல்லத்தில் நாளிதழ் போட்டவராம். அதைக் கேட்டதும் வியப்பு அடங்கிவிட்டது. அந்தப் பாட்டில் ஒரு வயதான தம்பதி. ஒரு மகன் கொரியப் போரில் இறந்துவிட்டான், மற்ற பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள், வீட்டில் பேச ஆளில்லை. இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. என் பட்டுவாடா வழியில் ஒரு பாட்டி இருந்தார். மகன் வளைகுடா நாட்டில். கடிதம் வராத நாளில் என்னை உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்துப் பழைய கடிதத்தையே மறுபடியும் வாசிக்கச் சொல்வார். மடிப்பில் கிழிந்த இடத்தைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருப்பார். மகன் "மழை எப்படி?" என்று கேட்டிருக்கும் வரி அந்த ஒட்டுக்குள் மறைந்துவிட்டது. ஆனாலும் எனக்கு மனப்பாடம் என்பதால் விடாமல் வாசித்துவிடுவேன். இந்த மாவட்டத்தில் இப்படி எத்தனை வீடுகள்! அவர்களுக்கென்று ஒரு பாட்டு உண்டா?

வியட்நாம் போரிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பும் சிப்பாயின் பாட்டும் இதே ஆல்பத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னை உலுக்கியது 'பாரடைஸ்'. பிரைனின் பெற்றோர் கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பர்க் கவுண்டியை, அதாவது மாவட்டத்தை, சேர்ந்தவர்கள். அங்கே கிரீன் நதிக்கரையில் பாரடைஸ் என்று ஓர் ஊர் இருந்தது. நிலக்கரிக்காக மேல்மண்ணையும் மரங்களையும் வழித்தெடுத்துச் சுற்றுவட்டாரத்தையே தோண்டிவிட்டார்கள். பக்கத்திலேயே அனல்மின் நிலையம் வந்து சாம்பலும் கொட்டியது. எஞ்சிய வீடுகளும் 1967இல் அகற்றப்பட்டன. தன்னை அந்த ஊருக்குக் கூட்டிப்போகச் சொல்லி மகன் தகப்பனிடம் கேட்பதும், காலம் கடந்துவிட்டது, ஊரை நிலக்கரி ரயில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று தகப்பன் சொல்வதும்தான் பாட்டு. ஊர், ஆறு, மாவட்டம், நிலக்கரி நிறுவனம் எல்லாமே அவற்றின் சொந்தப் பெயரோடு வருகின்றன. அந்த நிறுவனம் பிறகு இந்தப் பாட்டுக்கு மறுப்பாக ஒரு பிரசுரமே அச்சிட்டது. பெயர் சொல்லாமல் 'எங்கோ ஒரு கிராமம்' என்று பாடியிருந்தால் யார் பதில் சொல்ல வந்திருப்பார்கள்?

இந்தப் பாட்டைத் தகப்பனாருக்காகத்தான் எழுதினார் பிரைன். ஒலிநாடாவை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது, தகப்பனார் எழுந்துபோய் அடுத்த அறையில் இருட்டில் உட்கார்ந்து கேட்டாராம். கடையில் காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டியிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு கேட்க ஆசை என்றாராம். ஆல்பம் வெளிவரும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

இனி நம் கதைக்கு வருகிறேன். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாலைகளில் டாரஸ் லாரிகள் வரிசை கட்டிப் போவது யாருக்கும் புதிதல்ல. மலையை உடைத்த கல்லும் எம்-சாண்டும் கேரள எல்லை தாண்டிப் போகின்றன. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு நிழலுக்கு ஒதுங்கிய பாறை ஒன்று இருந்த இடத்தில் இன்று ஆழமான பள்ளமும் பச்சைத் தண்ணீருமாகக் கிடக்கிறது. அந்தப் பாறைக்கு ஒரு பெயர் இருந்தது. கடிதத்தின் மேல் அந்தப் பெயரை எழுதினாலே போதும், நான் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவேன். இப்போது ரப்பர் பால்வெட்டப் போகும் இளைஞர்களைக் கேட்டால் 'பழைய குவாரி' என்கிறார்கள்.

பெயர் சொல்லிப் பாடுவது நமக்குக் கற்றுத்தர வேண்டிய கலை அல்ல. வில்லுப்பாட்டு பிறந்து வளர்ந்த மண் இது. அம்மன் கொடையில் வில்லடிக்கும் புலவர், அநியாயமாகச் செத்தவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆற்றங்கரையில் விழுந்தார், வெட்டியவன் யார் என்று அத்தனையையும் விடிய விடியச் சொல்லுவார். உடுக்கையும் குடமும் நின்ற பிறகும் அந்தப் பெயர்கள் ஊர்க்காரர்களின் வாயில் இருக்கும். இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், ஆல்பம் என்றதும் ஏன் நிலாவையும் மழையையும் 'அவளின் விழிகளையும்' மட்டும் பாடுகிறார்கள்? என் பேரனும் நண்பர்களும் எட்டுப் பாடல்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இசை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டில்கூட வேளிமலை இல்லை, வள்ளியாறு இல்லை, ஒரு சானல்கரை இல்லை. மதுரைக்காரரோ சென்னைக்காரரோ எழுதியதாகச் சொன்னாலும் நம்பிவிடலாம். இதை அவனிடமே சொன்னேன். முகம் வாடினாலும் மறுப்புச் சொல்லவில்லை.

காதல் பாட்டு வேண்டாம் என்பதல்ல என் வாதம். பிரைனின் ஆல்பத்திலும் காதல் உண்டு. அந்தக் காதலர்களுக்கும் பெயர் உண்டு, வேலை உண்டு என்பதைத்தான் சொல்கிறேன்.

எனவே, ஆசிரியர் அவர்களே, மாதம் ஒரு முறையாவது இப்படிப்பட்ட முதல் ஆல்பம் ஒன்றைப் பற்றித் தங்கள் இதழ் எழுதட்டும். நன்றாக இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். நாகர்கோவில் வானொலி நிலையமும் உள்ளூர்ப் பாடல்களுக்கு வாரம் அரை மணி நேரம் ஒதுக்கினால் மகிழ்வேன். பாட்டெழுதும் பிள்ளைகள் யாராவது வந்தால், என் பழைய பட்டுவாடா வழியில் அவர்களோடு நடந்து, ஒவ்வொரு பாறைக்கும் குளத்துக்கும் விளை என்னும் தோட்ட நிலத்துக்கும் என்ன பெயர் என்று சொல்லித் தர நான் தயாராக இருக்கிறேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.